கப்பலிலிருந்து பார்த்தால் தெரியாது

மே மாதம் பதினெட்டாம் தேதி, காலைச் சாப்பாட்டு மேசையில் நான் ஒரு சபதம் எடுத்தேன். இந்தக் கோடை முழுக்கத் தூரிகை, சுத்தியல், மண்வெட்டி எதையும் கையால் தொடுவதில்லை.

முப்பத்து நாலு வருஷம் கார்ப் படகில் வேலை பார்த்தவன் நான். மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக உள்ளே நுழைந்த இடம்தான் ஃபியோர்டு; அதன் வாயில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கார்களை ஏற்றிப் போகிற படகு. "நீ முன்னால வா, நீ பின்னால போ" என்று கை காட்டிக் காட்டி என் வலது தோள் இடது தோளைவிட ஒரு அங்குலம் கீழே இறங்கிவிட்டது. போன அக்டோபரில் ஓய்வு கொடுத்தார்கள். கூடவே ஒரு பெஞ்சும் பரிசு கொடுத்தார்கள். பெஞ்சு எதற்கு? படுக்கத்தானே.

சபதத்தை மனசுக்குள்தான் எடுத்தேன். ஆனால் என் மனசுக்கு என் மனைவி போர்கில்டிடம் ஒரு சாவி இருக்கிறது.

"என்ன யோசனை?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. வெயில் நல்லா இருக்கேன்னு பாத்தேன்."

"ஆமா. பெயின்ட் காயறதுக்குன்னே வர்ற வெயில்."

இதை நான் புகாராக எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். எங்கள் ஊர் ஸ்கோர்வேயில் நாங்கள் எல்லாவற்றுக்கும் நன்றி சொல்கிறவர்கள். சாப்பாட்டுக்கு நன்றி. கூட நடந்து வந்ததற்கு நன்றி. போன தடவை சந்தித்ததற்கு நன்றி. போன தடவை சண்டைதான் போட்டோம் என்றாலும் நன்றி. அந்தக் கணக்கில் பார்த்தால் போர்கில்டுக்கு நான் சொல்ல வேண்டிய நன்றி மலையளவு. எங்கள் ஊரில் மலைகள் கொஞ்சம் பெரியவை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் நாட்டில் ராஜாவைத் தவிர எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'தான். என் வீட்டில் ராஜா கிடையாது.

எங்கள் வீட்டுக்கு முன்பக்கம் வெள்ளை, மற்ற மூன்று பக்கமும் சிவப்பு. இந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் பலவும் அப்படித்தான். அந்தக் காலத்தில் வெள்ளைச் சாயத்துக்கு விலை அதிகம். அதனால் தண்ணீரிலிருந்து பார்க்கிற மனிதனுக்கு வெள்ளை, மலையிலிருந்து பார்க்கிற ஆட்டுக்குச் சிவப்பு. கடைசியாகப் பூசியவர் என் அப்பா. பிறகு வெள்ளை சாம்பலாகிவிட்டது. சிவப்பு என்ன ஆனது என்று சொல்ல எந்த நிறத்தின் பெயரும் பொருந்தவில்லை. பின்சுவரில் எங்கள் ஆறு ஆடுகளும் முதுகு சொறிந்து சொறிந்து இடுப்பளவுக்கு வெறும் பலகைதான்.

"யாரு பாக்கப் போறா, போர்கில்ட்?" என்றேன்.

"புதன்கிழமையானா ரெண்டாயிரம் பேரு பாக்கறாங்க."

கோடையில் புதன்தோறும் பெரிய உல்லாசக் கப்பல் வரும். ஸ்கோர்வேயில் இருப்பது எழுபத்து மூன்று பேர். கப்பலிலிருந்து ரெண்டாயிரம் பேர் இறங்கி, அருவியைப் பார்த்து, மாதர் சங்கம் சுடுகிற வாஃபிள் அப்பத்தைத் தின்றுவிட்டு ஏறுவார்கள். வாஃபிளுக்கு மாவு கரைப்பதிலிருந்து ஊர் வரலாற்றுச் சங்கத்துக்குச் செயலாளராக இருப்பதுவரை எல்லாம் போர்கில்ட்தான். பிறகு கப்பல் எங்கள் வீடு இருக்கிற முனையைச் சுற்றிக்கொண்டு ஃபியோர்டின் கோடிவரை போய்த் திரும்பும்.

"அவங்க பாக்க வர்றது மலையை, அருவியை. நம்ம சுவரையா பாக்கறாங்க?"

"நான் பாத்தேனே."

"எப்ப?"

"முப்பத்தொம்பது வருஷம் முன்னாடி. பால் படகுல ஏறி உன்னப் பாக்க வந்தப்ப. முனை திரும்பினதும் வெள்ளை வெளேர்னு ஒரு வீடு. தண்ணிக்குள்ளயும் அதே வீடு தலைகீழா. அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "என்னக் கட்டிக்கணும்னா?"

"அந்த வீட்ல இருக்கணும்னு. நீ அப்ப கரையில குந்தி மீன் குடல் எடுத்துக்கிட்டிருந்த."

இந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு ஓட்வார் காப்பிக்கு வந்து உட்கார்ந்தான். நாற்பது வருஷமாக இதே நேரத்துக்கு வருகிறவன். சாட்சி கிடைத்த தைரியத்தில் நான் வாயைத் திறந்தேன்.

"ஓட்வார், நீயே சொல்லு. அவ்வளவு உசரத்துக் கப்பல்லேர்ந்து பாத்தா சுவத்துல பெயின்ட் போனது தெரியுமா?"

"நான் கப்பல்ல ஏறினதில்லையே."

"நானும் ஏறினதில்ல. ஆனா தெரியாது. பந்தயம் கட்டறேன். அந்தக் கப்பலோட மேல்தட்டுல நின்னு, என் கண்ணால பாத்து, நம்ம வீடு அசிங்கமாத் தெரிஞ்சா, ஒரு பக்கம் இல்ல, நாலு பக்கமும் நானே அடிக்கறேன்."

"நெசமாவா?" என்றாள் போர்கில்ட்.

"நெசமாத்தான்."

அவள் கையை நீட்டினாள். நான் குலுக்கினேன். எங்கள் ஊரில் சாட்சியின் முன்னால் கைகுலுக்கினால் அது கல்வெட்டு. கொடுத்த கையைத் திரும்ப வாங்க முடியாது. ஆனால் எனக்குக் கவலையே இல்லை. அந்தக் கப்பல் ஊர்க்காரன் ஒருவனையும் இதுவரை ஏற்றிக்கொண்டு போனதில்லை. நான் மேல்தட்டில் நிற்பதும் என் ஆடு தேவாலயத்தில் பிரசங்கம் செய்வதும் ஒன்று.

இருந்தாலும் நான் கல்நெஞ்சக்காரன் அல்ல. பால் படகில் வந்த பெண்ணுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. பெஞ்சில் படுத்தபடியே யோசித்தேன். படுத்துக்கொண்டு யோசித்தால் வருகிற யோசனையும் படுத்துக்கொண்டு செய்கிற மாதிரியே வரும். ஜூன் முதல் புதன்கிழமை காலையில், அலமாரியில் இருந்த வெள்ளைப் படுக்கை விரிப்புகள் எட்டையும் எடுத்து முன்சுவரின் குறுக்கே கயிறு கட்டித் தொங்கவிட்டேன். முன்பக்கம் முழுக்க வெள்ளை. பத்து நிமிஷ வேலை.

"இது என்ன, ஐவின்?" என்றாள் போர்கில்ட்.

"தூரத்திலேர்ந்து பாத்தா வெள்ளை வெள்ளைதானே."

அவள் விரிப்புகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "சரி" என்றாள்.

அன்றே நான் பயந்திருக்க வேண்டும். போர்கில்ட் மறுபேச்சுப் பேசாமல் 'சரி' என்று சொன்னது எங்கள் கல்யாணத்தில் ஒருமுறை, அதற்கப்புறம் இதுதான். நான் பெஞ்சுக்குத் திரும்பிவிட்டேன். ஜூன் முழுக்க ஒவ்வொரு புதன்கிழமையும் விரிப்பு தொங்கியது, கப்பல் போனது, விரிப்பு அலமாரிக்குப் போனது. ஒரு விரிப்பின் ஓரத்தை ஆடு தின்றதைத் தவிர திட்டத்தில் பழுதில்லை.

ஜூலை இரண்டாம் வாரம் போர்கில்ட் ஒரு கடிதத்தோடு வந்தாள்.

"கப்பல் கேப்டன் எழுதியிருக்காரு. இருபது கோடையா வாஃபிள் குடுத்ததுக்கு நன்றியாம். மாதர் சங்கத்து சார்பா ஒருத்தரக் கப்பல்ல ஏத்தி, கோடி வரைக்கும் கூட்டிட்டுப் போயி, ஃபியோர்டு வாயில உன் பழைய படகுத்துறைல இறக்கி விடறாங்களாம். மத்தியானச் சாப்பாடும் உண்டு."

"அடேயப்பா. போயிட்டு வா. இருபது வருஷம் மாவு கரைச்சவ நீதான்."

"நான் உம் பேரக் குடுத்துட்டேன்."

"எம் பேரயா?"

"முப்பத்து நாலு வருஷம் ஊரை எல்லாம் அக்கரை சேத்தவன் நீ. உன்ன யாராவது ஏத்திக் கூட்டிட்டுப் போனாங்களா? நீ போயிட்டு வா ஐவின்."

எப்படிப்பட்ட பெண் பாருங்கள். தனக்குக் கிடைத்ததை எனக்குக் கொடுக்கிறாள். நன்றி, நன்றி என்று மூன்று தடவை சொன்னேன். நாலாவது நன்றியை ஆரம்பிக்கும்போதுதான் மே மாதத்துக் கைகுலுக்கல் ஞாபகம் வந்தது.

"ஆனா எனக்கு முட்டி வலிக்குதே," என்றேன். "மேல்தட்டுக்கெல்லாம் படியேற முடியாதே."

"லிஃப்ட் இருக்கு."

"உசரத்துல நின்னா தலை சுத்துமே."

"நாற்காலி இருக்கு. பேர் எழுதி ஒட்டச் சொல்லியிருக்கேன்."

புதன்கிழமை விடியலிலேயே எழுந்து எட்டு விரிப்பையும் கட்டினேன். இந்தத் தடவை இரட்டைக் கயிறு. துணிக் கவ்விகள் நாற்பது. ஆடுகளைக் கொட்டிலில் அடைத்தேன். போர்கில்ட் என் கழுத்துப் பட்டையைச் சரிசெய்து, வழிக்கு வாஃபிளும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் கட்டிக் கொடுத்தாள். கப்பலில் விருந்தே இருக்கிறது என்றேன். "பசியோட எதையும் பாக்கக் கூடாது" என்றாள்.

மேல்தட்டில் நிஜமாகவே என் பெயர் ஒட்டிய நாற்காலி இருந்தது. ஒரு பக்கம் மின்னசோட்டாவிலிருந்து வந்த ஒரு அம்மாள், கழுத்தில் தொலைநோக்கி. மறுபக்கம் மஞ்சள் மழைச்சட்டை போட்ட ஒரு ஜெர்மன்காரர். நடுவில் ஒலிபெருக்கியோடு இங்குன் என்ற பெண். பெர்கன் நகரத்துக்காரி, இந்தக் கோடைக்கு வழிகாட்டி வேலை. கரையில் இருப்பதெல்லாம் என்னவென்று இவள் சொல்லித்தான் ரெண்டாயிரம் பேருக்கும் தெரியும்.

கப்பல் நகர்ந்தது. வலப்புறம் செங்குத்துப் பாறையின் நடுவில் ஒரு பழைய பண்ணை வந்தது. ஆள் போய் நூறு வருஷம் ஆன வீடு. இங்குன் அதைச் சொன்னதும் எல்லாரும் 'ஐயோ பாவம்' என்று படம் எடுத்தார்கள்.

"அங்க குழந்தைங்க விழுந்துடக் கூடாதுன்னு இடுப்புல கயிறு கட்டி வைப்பாங்களாம்," என்றேன் நான்.

"நீங்க இந்த ஊரா?" என்றாள் அம்மாள்.

"பரம்பரையா."

அடுத்த பண்ணைக்கும் நான்தான் விளக்கம். அங்கே பனிச்சரிவு கூரையைத் தாண்டிப் போன கதை. நாலைந்து பேர் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். இங்குனைவிட எனக்குக் கூட்டம். வாஃபிளை எடுத்துப் பங்கு போட்டுக் கொடுத்தேன். வாழ்க்கையில் அப்படி ஒரு மரியாதை நான் பார்த்ததில்லை.

முனை வந்தது.

முதலில் தண்ணீர்தான் தெரிந்தது, பச்சைக் கண்ணாடி மாதிரி. அப்புறம் மலை. மலையின் காலடியில் ஒரு துண்டு நிலம், அதில் ஒரு வீடு. தினம் அந்த வாசலில்தான் செருப்பைக் கழற்றுகிறேன். ஆனால் அதை இப்படிப் பார்த்ததே இல்லை. சின்னப் படகில் போனால் தூண்டிலைத்தான் பார்ப்பேன், வீட்டை அல்ல. இவ்வளவு பெரிய மலை நினைத்தால் ஒரு தும்மலில் அழித்துவிடக்கூடிய இடத்தில் முப்பத்தொன்பது வருஷம் நாங்கள் பத்திரமாகத் தூங்கியிருக்கிறோம். இந்த இடத்திலிருந்துதான் பால் படகில் ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். சொல்வதற்கென்ன, எனக்குக் கண் கலங்கியது.

அப்போது மத்தியானக் காற்று வந்தது. எங்கள் ஃபியோர்டில் வெயில் நாளில் மத்தியானக் காற்று தவறுவதே இல்லை. எட்டு விரிப்பும் ஒன்றாக மேலே எழும்பின. அடியில் இருந்த சுவர், பாட்டியின் பல் மாதிரி எட்டிப் பார்த்தது. கப்பல் முனையைச் சுற்றியது. பக்கச்சுவர் வந்தது. பின்சுவர் வந்தது. ஆடு சொறிந்த இடம் வந்தது. அவ்வளவு உயரத்திலிருந்து ஆட்டின் உயரம்கூடத் துல்லியமாகத் தெரிந்தது.

இங்குன் ஒலிபெருக்கியில் படித்தாள்.

"வலப்புறம் நீங்க பாக்கறது மூணாவது கைவிடப்பட்ட பண்ணை வீடு. ஒரு காலத்துல இந்த ஃபியோர்டுலயே அழகான வெள்ளை வீடு இதுதான். இங்க ஒரு படகுக்காரர் இருந்தாரு. ஓய்வு கிடைச்ச அன்னிக்குப் பெஞ்சுல படுத்தவரு, அப்புறம் எழுந்திருக்கவே இல்ல."

"ஐயோ பாவம்," என்றாள் மின்னசோட்டா அம்மாள்.

"கப்பல் வர்ற நாள்ல மட்டும் சுவத்துல வெள்ளைத் துணி ஆடும். அதத் தொங்கவிடறது யாருன்னு கேட்டா, ஊர்ல யாரும் வாயத் திறக்க மாட்டாங்க."

ஜெர்மன்காரர் தொப்பியைக் கழற்றினார்.

"அது பாழடைஞ்ச வீடு இல்ல," என்றேன். "அங்க ஆள் இருக்கு."

"நீங்க பாத்தீங்களா?" என்றாள் அம்மாள்.

"தெரியும். அந்தப் படகுக்காரன எனக்குத் தெரியும்."

அவள் என் கையை மெல்லத் தட்டிக் கொடுத்தாள். "ரொம்ப நாள் பழக்கமோ? மனசத் தேத்திக்குங்க."

"கரையில ஒரு பொம்பள தெரியறாளான்னு பாருங்க," என்று இங்குன் தொடர்ந்தாள். "அது அவரோட மனைவி. சுவருக்குப் பெயின்ட் அடிப்பாருன்னு இன்னமும் காத்துக்கிட்டிருக்காங்க. தெரிஞ்சா கை ஆட்டுங்க."

தெரிந்தது. கரையில் என் பெஞ்சின் மேல் ஏறி நின்று, மேசைவிரிப்பை ஆட்டிக்கொண்டிருந்தாள் போர்கில்ட். ரெண்டாயிரம் பேரும் கை ஆட்டினார்கள். கேப்டன் மூன்று தடவை சங்கு ஊதினார். மலை அதை மூன்று தடவை திருப்பி ஊதியது. நானும் எழுந்து நின்று கை ஆட்டினேன். வேறு என்ன செய்ய?

கூட்டம் கலைந்ததும் இங்குனிடம் போனேன்.

"இத யாரும்மா எழுதிக் குடுத்தது?"

"ஊர் வரலாற்றுச் சங்கச் செயலாளர். ரொம்ப விவரமானவங்க. போன வாரம்தான் குடுத்தாங்க."

அவள் நீட்டியது கட்டம் போட்ட தாள். முப்பத்தொன்பது வருஷமாக எனக்குக் கடைச் சீட்டு எழுதிக் கொடுக்கிற அதே கையெழுத்து.

"இன்னொரு தாளும் உறையில போட்டுக் குடுத்திருக்காங்க," என்றாள் இங்குன். "இந்தக் கோடையோட கடைசிக் கப்பல்லதான் பிரிக்கணுமாம்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பழைய படகுத்துறையில் இறங்கி, பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கோபத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை. மேல்தட்டில் நின்று கலங்கிய கண்தான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. வாசலில் ஓட்வார் ஏணியைச் சுவரில் சாத்திவிட்டு அதன் கீழே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"தெரிஞ்சுதா?" என்றான்.

"தெரிஞ்சுது."

போர்கில்ட் கேள்வியே கேட்கவில்லை. வெள்ளை டப்பா, சிவப்பு டப்பா, தூரிகைகள், எல்லாம் ஏற்கனவே வாங்கி வைத்திருந்தாள். ஜூலை பாதியும் ஆகஸ்ட் முழுசும் சுரண்டினேன், தேய்த்தேன், அடித்தேன். முன்னால் வெள்ளை, மூன்று பக்கம் சிவப்பு. ஓட்வார் ஏணியைப் பிடித்தான். போர்கில்ட் காப்பியும் வாஃபிளும் கொண்டுவந்து தந்து, விட்டுப்போன இடத்தை விரலால் காட்டினாள். மழைநாளில் மூவரும் அடுப்படியில் சீட்டாடினோம். உண்மையைச் சொன்னால், பெஞ்சில் படுத்திருந்த ஜூனைவிட ஏணியில் தொங்கிய ஆகஸ்ட்தான் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இறங்கித் தோளைப் பார்த்தால் இரண்டும் சமமாக இருந்தன.

செப்டம்பர் முதல் புதன்கிழமை கடைசிக் கப்பல். நானும் போர்கில்டும் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தோம். தண்ணீருக்குள் இன்னொரு வெள்ளை வீடு தலைகீழாக நின்றது. கப்பல் முனையை நெருங்கியது. காற்றில்லாத நாள், ஒலிபெருக்கி கரைவரை கேட்டது. உறையைப் பிரித்துவிட்டாள் இங்குன்.

"வலப்புறம் பாருங்க. இந்த ஃபியோர்டுலயே அழகான வெள்ளை வீடு. படகுக்காரர் ஐவின் தன் மனைவிக்காக நாலு பக்கமும் தன் கையாலேயே பூசின வீடு. இங்க வாழக் குடுத்து வெச்சதுக்கு அவரோட மனைவி தினமும் நன்றி சொல்றாங்க."

போர்கில்டின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஜூலையிலேயே, நான் தூரிகையைத் தொடுவதற்கு முன்பே, இவள் இதை எழுதி ஒட்டி வைத்திருக்கிறாள். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

இங்குன் மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள்.

"அதுக்குக் கீழ, தண்ணியோரமா, பெயின்ட் உரிஞ்சு போன ஒரு படகுக் கொட்டகை தெரியுது பாருங்க. அதையும் முதல் பனி விழறதுக்குள்ள முடிச்சுடறதா ஐவின் வாக்குக் குடுத்திருக்காரு."

ரெண்டாயிரம் பேர் கை தட்டினார்கள். மே மாதம் ஒரே ஒரு சாட்சிக்கே நான் அந்தப் பாடுபட்டேன்.

நான் கொட்டகையைப் பார்த்தேன். போர்கில்டைப் பார்த்தேன். பிடித்திருந்த கையை அவள் மெதுவாக ஒரு தடவை குலுக்கினாள்.

"முன்கூட்டியே நன்றி," என்றாள்.